ஹீரோ என்பவர் இயக்குநரேதானா?

நீங்கள் கேட்டது இரண்டு வரிதான். "எல்லா இயக்குநரும் பேட்டியில் 'இது என் கதை' என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? பெரிய கஷ்டம் எதுவும் படாமல் வளர்ந்த என்னைப் போன்ற ஒருவன் நல்ல ஹீரோவை எழுத முடியுமா?" முதல் வரி பொதுவான சந்தேகம். உங்களை நிஜமாக அரித்துக்கொண்டிருப்பது இரண்டாவது வரி என்று எனக்குப் படுகிறது. கையில் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதை எழுதத் தனக்குத் தகுதி உண்டா என்று கேட்கிறீர்கள். முதல் கேள்வியைச் சரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் இரண்டாவதற்குப் பதில் கிடைக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இயக்குநர் இல்லை. பல வருடம் கதை டிஸ்கஷன்களில் உட்கார்ந்திருக்கிறேன், அப்புறம் எடிட்டிங் பக்கம் போனேன், இப்போது திரைக்கதை சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மூன்று இடத்திலும் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இயக்குநரின் வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள் அப்படியே ஹீரோவிடம் போய்ச் சேர்வது குறைவு. வாங்கிய அடி போகும். ஆனால் அந்த அடியிலிருந்து இயக்குநரைத் தூக்கிவிட்ட கை இருக்கிறதே, அது பெரும்பாலும் ஹீரோவுக்குக் கிடைக்காது. இயக்குநர் தப்பித்துவிட்டார், அதனால்தான் படம் எடுக்கிறார். ஹீரோ தப்பிக்காமல் உள்ளேயே நிற்கிறான். இது எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று சொல்ல மாட்டேன், பொருந்தாத இடங்களையும் கீழே சொல்கிறேன். ஆனால் இதை வைத்துப் பார்த்தால் நிறையப் படங்கள் திறந்துகொள்கின்றன.

எல்லோரும் சொல்லும் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் போல ஆவணங்கள் கிடைக்கிற வேறு உதாரணம் குறைவு. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ, அவருடைய முதல் முழுநீளப் படமான 'தி 400 ப்ளோஸ்', அதில் வரும் பையன் அந்துவான் துவானெல். த்ரூஃபோ 1932 பிப்ரவரியில் பாரிஸில் பிறந்தார். அம்மா ழானீனுக்கு அப்போது திருமணம் ஆகவில்லை. பிறகு அவரை மணந்த ரோலான் த்ரூஃபோ குழந்தைக்குத் தன் பெயரைக் கொடுத்தார். குழந்தை முதலில் செவிலித்தாயிடம், அப்புறம் பாட்டியிடம் வளர்ந்தது. பாட்டி இறந்த பிறகு, பத்து வயதில்தான் அம்மா வீட்டுக்கு வந்தான். ரோலான் தன்னைப் பெற்றவர் இல்லை என்பதைப் பையன் தானாகவே கண்டுபிடித்தான். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமா பார்ப்பான். பதினாறு வயதில் ஒரு திரைப்படக் கழகம் ஆரம்பித்தான். அதில் ஏறிய கடன், ஒரு டைப்ரைட்டர் திருட்டு எல்லாம் சேர்ந்து, கடைசியில் அப்பாவே அவனைப் போலீஸில் ஒப்படைத்தார். அங்கிருந்து வில்ஜுயிஃப் என்ற இடத்தில் இருந்த சிறார் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். இது 1948 இறுதியில் நடந்தது.

அவனை அங்கிருந்து வெளியே கொண்டுவரப் பாடுபட்டவர் ஆந்த்ரே பஸான் என்ற சினிமா விமர்சகர். சில வருடம் கழித்து த்ரூஃபோ ராணுவத்தில் சேர்ந்து, அங்கிருந்தும் ஓடிப்போய், ராணுவச் சிறையில் கிடந்தபோதும் அதே பஸான்தான் வந்தார். வேலை வாங்கிக்கொடுத்தார், எழுத வைத்தார், கிட்டத்தட்ட மகன் மாதிரி வைத்துக்கொண்டார். த்ரூஃபோ 'தி 400 ப்ளோஸ்' படப்பிடிப்பை 1958 நவம்பர் 10 அன்று ஆரம்பித்தார். அடுத்த நாள் பஸான் இறந்துபோனார். வயது நாற்பதுதான். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

சரி, இப்போது படத்தைப் பாருங்கள். திருமணத்துக்கு முன்பே பிறந்த பையன், பெயர் மட்டும் கொடுத்த அப்பா, எரிச்சலோடு இருக்கும் அம்மா, பாட்டியின் நினைவு, மட்டம் போடுவது, டைப்ரைட்டர், போலீஸ், சிறார் இல்லம் எல்லாமே இருக்கிறது. நெருங்கிய நண்பன் ரெனே கூட, த்ரூஃபோவின் பால்ய நண்பர் ரொபேர் லாஷெனேயை வைத்து எழுதப்பட்டவன்தான். ஆனால் பஸான் எங்கே? சமர்ப்பண அட்டையில் இருக்கிறார், கதைக்குள் இல்லை. அந்துவானை வெளியே கொண்டுவர யாரும் வருவதில்லை. சிறார் இல்லத்திலிருந்து அவனே ஓடுகிறான், கடல் வரைக்கும் ஓடுகிறான், அங்கே தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத் திரும்பி நம்மைப் பார்க்கிறான், படம் உறைந்து நின்றுவிடுகிறது. திரைப்படக் கழகமும் கிடையாது. அந்துவான் சினிமா பார்க்கிற பையன்தான், ஆனால் சினிமாவில் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிற பையன் இல்லை. வயதையும் குறைத்துவிட்டார். பதினாறு வயதில் தனக்கு நடந்ததைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனுக்கு நடக்கவைத்தார். பதினாறு வயதுக்காரன் திருடினால் பார்ப்பவர்கள் அவனையும் கொஞ்சம் குற்றம் சொல்வார்கள். இந்தக் குட்டிப் பையனை அப்படிச் சொல்ல மனம் வராது.

இது தற்செயலா என்று நானும் யோசித்திருக்கிறேன். தொடர்ச்சியாக வந்த படங்களைப் பார்த்த பிறகு தற்செயல் என்று நம்ப முடியவில்லை. 1962-இல் அதே அந்துவானை வைத்து 'அந்துவானும் கொலெத்தும்' என்ற குறும்படம் எடுத்தார். த்ரூஃபோவின் வாழ்க்கையில் அவர் காதலித்த பெண்ணைச் சந்தித்தது பாரிஸின் சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்தில். அவள் வீட்டுக்கு எதிரிலேயே அறை பிடித்துக் குடிபோனார். படத்தில் எதிர்வீட்டு அறை அப்படியே இருக்கிறது, ஆனால் அவர்கள் சந்திப்பது இசைக் கச்சேரியில். அந்துவான் கிராமஃபோன் தட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். மறுபடியும் சினிமாவை மட்டும் கவனமாக உருவி எடுத்துவிட்டார். 1979 வரைக்கும் அந்துவான் கதை ஓடியது. அவன் ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டான், ஓட்டலில் இரவுக் காவல் இருந்தான், துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தான், டிவி பழுதுபார்த்தான், பூக்களுக்குச் சாயம் போட்டான், கடைசியில் நாவல் கூட எழுதினான். இயக்குநர் மட்டும் ஆகவில்லை. தன்னைக் காப்பாற்றிய ஒரே விஷயத்தை த்ரூஃபோ இருபது வருடம் அவன் கையில் கொடுக்கவே இல்லை.

அப்படியானால் பஸான் எங்கே போனார்? 1970-இல் 'தி வைல்ட் சைல்ட்' வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சின் காட்டில் பிடிபட்ட, பேசத் தெரியாத ஒரு சிறுவன், அவனுக்கு மொழியும் மனிதப் பழக்கமும் கற்றுக்கொடுக்கும் இத்தார் என்ற மருத்துவர். மருத்துவர் வேடத்தில் த்ரூஃபோவே நடித்தார். படத்தை அந்துவானாக நடித்த ழான்-பியர் லியோவுக்குச் சமர்ப்பித்தார். முதல் படத்தில் பஸானுக்குச் சமர்ப்பணம், கைவிடப்பட்ட பையன் நாயகன். பதினோரு வருடம் கழித்து அந்தப் பையனாக நடித்தவனுக்குச் சமர்ப்பணம், தூக்கிவிடும் ஆளாகத் தானே வந்து நிற்கிறார். ஒரு மனிதனின் வாழ்க்கை அவன் உருவாக்கும் ஹீரோக்களுக்குள் எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

இனி, எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரிக்க வேண்டும். த்ரூஃபோ வாழ்க்கையில் நடந்தவை உறுதியானவை, கடிதங்களும் பதிவேடுகளும் இருக்கின்றன. படத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதும் உறுதி, யாரும் போட்டுப் பார்க்கலாம். பஸானைக் கதைக்குள் விடாததற்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்வது என் வாசிப்பு மட்டுமே. படப்பிடிப்பின் இரண்டாவது நாளிலேயே அவர் இறந்துபோனார், அந்தத் துக்கத்துக்கு முன்பே ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது, ஆகவே துக்கத்தால் விட்டுவிட்டார் என்று மட்டும் சொல்ல முடியாது. த்ரூஃபோ வாயிலிருந்து வந்த வார்த்தையை நம்பலாமா என்றால், அதிலும் சிக்கல். படம் 1959-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கி ஊரெல்லாம் பேச்சானதும், 'பெற்றோரால் கைவிடப்பட்ட இயக்குநர்' என்று பத்திரிகைகள் எழுதின. ரோலானும் ழானீனும் நொந்துபோனார்கள். ரோலான் கோபமாகக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு த்ரூஃபோ 'இது என் சுயசரிதை இல்லை' என்று பொதுவில் சொல்ல ஆரம்பித்தார். பேட்டிகள் இரண்டு திசையிலும் வளையும் என்பதற்கு இது நல்ல சாட்சி. வீட்டாருக்குப் பயந்து தன் கதையை 'என் கதை இல்லை' என்பவர் உண்டு. விளம்பரத்துக்காகத் தன் கதையாக இல்லாததை 'என் கதை' என்பவரும் உண்டு. அதனால் பேட்டியை நான் கடைசிச் சான்றாகத்தான் வைத்துக்கொள்வேன். பெயர்கள், தேதிகள், ஸ்கிரிப்ட்டின் முந்தைய வடிவங்கள், கடிதங்கள் எல்லாம் அதற்கு முன்னால் வரும்.

இன்னொரு விஷயம், இதை விமர்சகர்கள் அதிகம் பேசுவதில்லை, செட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். ஹீரோவுக்குள் இயக்குநர் மட்டும் இருப்பதில்லை, நடிகரும் இருக்கிறார். அந்துவான் வேடத்துக்கு வந்தபோது லியோவுக்குப் பதினான்கு வயது. த்ரூஃபோ எழுதி வைத்திருந்த பையன் தன்னைப் போலவே கூச்சமும் ஒளிந்துகொள்ளும் குணமும் உள்ளவன். லியோ அப்படி இல்லை, துடுக்கானவன். அவன் வந்த பிறகு ஸ்கிரிப்ட்டை அவனுக்கேற்ற மாதிரி மாற்றினார்கள். சிறார் இல்லத்தில் உளவியலாளர் கேள்வி கேட்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உளவியலாளரின் குரல் மட்டும்தான், முகம் கிடையாது. கேமரா பையன் மேலேயே நிற்கிறது. அவன் கைகளைப் பாருங்கள், மேசையை நோண்டிக்கொண்டே இருக்கும், கண் கீழே போகும், சட்டென்று மேலே வரும். லியோவுக்கு வசனம் எழுதிக்கொடுக்காமல், த்ரூஃபோ கேள்விகளைக் கேட்டு, அவனையே பதில் சொல்லவைத்து எடுத்த காட்சி அது. எடிட்டிங்கில் வழக்கமாக என்ன செய்வோம்? நீளமான பதிலை வெட்ட வேண்டுமென்றால் எதிரில் இருப்பவரின் முகத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவோம், வெட்டு தெரியாது. இங்கே போக எதிர்முகமே இல்லை. ஒரு பதிலிலிருந்து இன்னொரு பதிலுக்குப் படம் மெல்லக் கரைந்து போகிறது. அதனால் அந்தப் பையனிடமிருந்து நாம் ஒரு நொடி கூடத் தப்ப முடிவதில்லை. அம்மா தன்னைக் கலைத்துவிட நினைத்தாள், பாட்டிதான் தடுத்தாள் என்று அவன் சொல்கிறான். சொல்லப்படும் விஷயம் த்ரூஃபோவின் பிறப்பிலிருந்து வந்தது. சொல்லும்போது வருகிற அந்தத் தோள்குலுக்கலும், 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்கிற வேகமும் லியோவுடையது. த்ரூஃபோவைப் போல ஒடுங்கிய ஒரு பையன் அதைச் சொல்லியிருந்தால் நமக்குப் பரிதாபம் வந்திருக்கும், படம் அதோடு நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்கிரிப்ட்டைக் கூடவே எழுதிய மார்செல் மூசியின் பங்கையும் மறக்கக் கூடாது.

சார்லி சாப்ளின் விஷயத்தில் இதே கணக்கு வேறு மாதிரி வருகிறது. 1896-இல், ஏழு வயதில், லண்டன் லாம்பெத்தின் ஏழைகள் விடுதிக்கு அம்மாவோடும் அண்ணனோடும் போனவர். அங்கிருந்து ஹான்வெல்லில் இருந்த ஆதரவற்ற குழந்தைகள் பள்ளிக்கு அனுப்பினார்கள். அப்பா குடியால் இறந்தார், அம்மா மனநல மருத்துவமனையில் கிடந்தார். 1921-இல் வந்த 'தி கிட்' படத்தில், வளர்க்கும் பையனை அனாதை இல்லத்து வண்டி ஏற்றிக்கொண்டு போகும் காட்சி வருகிறது. சாப்ளின் நடிக்கும் வறிய நாடோடி கூரை கூரையாகத் தாவி ஓடி வண்டியில் குதித்துப் பையனை மீட்கிறான். சாப்ளினை அழைத்துக்கொண்டு போனபோது அப்படிக் கூரையில் ஓடிவந்தவர் யாரும் இல்லை. தனக்கு வராத ஆளாகத் தானே போய் நிற்கிறார். நான் மேலே சொன்னதற்கு நேர்மாறாகத் தெரியலாம், ஆனால் நாடோடியைப் பாருங்கள், பெரும்பாலான படங்களில் அவனுக்கு வீடும் இல்லை, காசும் இல்லை. சாப்ளினுக்குக் கிடைத்த பணமும் புகழும் அவனுக்குப் பெரும்பாலும் வரவில்லை. சாப்ளினின் முதல் குழந்தை 1919 ஜூலையில் பிறந்து மூன்றே நாளில் இறந்தது, அதன் பிறகு சீக்கிரமே 'தி கிட்' வேலை தொடங்கியது, அதனால் அந்தத் துக்கம்தான் படம் என்று பலர் எழுதுகிறார்கள். தேதிகள் சரி. இரண்டையும் முடிச்சுப் போடுவது ஊகம், நம்பத்தகுந்த ஊகம்தான். ஜாக்கி கூகன் என்ற அந்தக் குட்டிப் பையனை மேடையில் பார்த்து அசந்துபோனதும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரே வாழ்க்கை ஒரே ஹீரோவைத்தான் தரும் என்றும் இல்லை, இயக்குநரின் வயது மாறினால் ஹீரோவும் மாறுகிறான். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் பெற்றோர் 1960-களின் நடுவில் பிரிந்தார்கள். அப்பாதான் குடும்பத்தை உடைத்தார் என்று மகன் பல வருடம் நம்பினார், அப்பாவோடு பேச்சுவார்த்தை கூடச் சரியாக இல்லை. உண்மையில் அம்மாவுக்கு அப்பாவின் நண்பர் மேல் காதல். அம்மாவைக் காப்பாற்ற அப்பா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். இதை வைத்துக்கொண்டு படங்களைப் பாருங்கள். 1982-இன் 'ஈ.டி.'யில் அப்பா இல்லாத வீடு. 1977-இன் 'க்ளோஸ் என்கவுண்டர்ஸ்' படத்தில் மனைவி, குழந்தைகளை விட்டுவிட்டு ஒருவன் விண்கலத்தில் ஏறிப் போகிறான். தானே அப்பாவான பிறகு அந்த முடிவைப் பற்றி ஸ்பீல்பெர்க் சொன்னார், இப்போது எடுத்தால் அவனைப் போகவிட மாட்டேன் என்று. (அந்தப் படத்தில் பிரெஞ்சு விஞ்ஞானியாக நடித்தவர் த்ரூஃபோ. இந்த இருவரும் ஒரே படத்தில் சந்தித்துக்கொண்டது எனக்கு எப்போதுமே ஆச்சரியம்.) 2002-இன் 'கேட்ச் மீ இஃப் யூ கேன்' படத்தில் தோற்றுப்போன அப்பா மேல் அவ்வளவு பிரியம். கடைசியில் 2022-இல் 'தி ஃபேபல்மன்ஸ்'. அம்மா 2017-இலும், அப்பா 2020-இல் 103 வயதிலும் போன பிறகுதான் அது வந்தது. அதில் பையன் குடும்பத்தோடு முகாம் போனபோது எடுத்த ஃபிலிமைத் தனியாக உட்கார்ந்து எடிட் செய்கிறான். ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், அம்மாவும் அப்பாவின் நண்பரும் நெருக்கமாக நிற்கிறார்கள். முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறான். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி வயிற்றைப் பிசையும், ஏனென்றால் எடுத்தபோது கண்ணில் படாத ஒன்று மேசையில் சிக்குவது எங்களுக்கு அடிக்கடி நடக்கும். இந்தப் படத்தில் ஹீரோ சினிமா எடுக்கிறான், அதனால் என் கணக்கு இங்கே பொருந்தாது. 75 வயதில், பெற்றோர் இருவரும் இல்லாதபோது, தப்பித்த வழியையும் காட்டலாம் என்று தோன்றியிருக்கலாம்.

தமிழிலும் பார்க்கலாம். பாலு மகேந்திரா 'வீடு' படத்துக்கு விதையாகச் சொன்னது தன் அம்மா வீடு கட்டப் பட்ட பாட்டை. அவர் பிறந்தது மட்டக்களப்பு அருகே அமிர்தகழியில். ஆனால் 1988-இல் வந்த படத்தில் அம்மாவும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை. சென்னையில் வேலைக்குப் போகும் கல்யாணமாகாத ஒரு பெண், தங்கை, வயதான தாத்தா. வெளிப்பக்கம் பார்த்தால் சுயசரிதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு சாதாரண ஆளை வீடு எப்படி ஆட்டிப்படைக்கிறது என்பது மட்டும் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. சேரனின் அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். 2005-இன் 'தவமாய் தவமிருந்து' படத்தில் அப்பா அச்சகம் வைத்திருக்கிறார். தொழில் மாறிவிட்டது, கடன் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அப்பா மாறவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், மகன் வேடத்தில் சேரனே நடித்தார், ஆனாலும் படத்தின் நாயகன் ராஜ்கிரண் நடித்த அப்பாதான். தன் கதையைச் சொல்கிறவர் தன்னைத்தான் நாயகனாக வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மெக்சிகோவின் அல்ஃபோன்சோ குவாரோன் 2018-இல் 'ரோமா' எடுத்தபோது தன்னை வளர்த்த வீட்டுப் பணிப்பெண்ணை நாயகியாக்கிவிட்டுத் தன்னை நான்கு பிள்ளைகளில் ஒருவனாக ஓரத்தில் விட்டுவிட்டார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கஷ்டப்படாதவன் எழுத முடியுமா? சத்யஜித் ராயை நினைத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில், எழுத்தும் ஓவியமும் அச்சகமும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். 'பதேர் பாஞ்சாலி' எடுக்கப் போனபோது அவருக்குக் கிராமம் சரியாகத் தெரியாது. போரால் என்ற கிராமத்தில் படம் எடுத்துக்கொண்டேதான் கற்றுக்கொண்டார். படத்தின் பையன் அப்பு அவருடைய பால்யம் இல்லை, நாவல் எழுதிய விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் பால்யத்திலிருந்து வந்தவன். ஆனாலும் அதன் தொடர்ச்சியான 1956-இன் 'அபராஜிதோ'வைப் பாருங்கள். படிக்கப் பட்டணம் போன மகன், கிராமத்தில் காத்திருக்கும் விதவைத் தாய். மகனுக்கு வீட்டுக்கு வரவே மனமில்லை, அம்மாவின் பாசம் அவனுக்குச் சுமையாகிவிட்டது. அம்மா செத்தபோது நாவலில் அப்புவுக்கு முதலில் வரும் உணர்வு விடுதலை மாதிரி ஒன்று, அந்த இடம் தன்னை உலுக்கியதாக ராய் சொல்லியிருக்கிறார். ராயின் அப்பா சுகுமார் ராய் இறந்தபோது ராய்க்கு இரண்டு வயது. அதற்குப் பின் குடும்பத் தொழில் நொடித்து, அம்மாவும் பையனும் மாமா வீட்டுக்குப் போனார்கள், தனி ஆளாக வளர்த்தது அம்மா சுப்ரபாதான். அந்த வாழ்க்கைதான் 'அபராஜிதோ'வில் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் ஒற்றைத் தாயின் ஒற்றைப் பிள்ளை ஒருவர், வேறொருவர் எழுதிய கதையில் அந்த இடத்தில் மட்டும் போய் நின்றுவிட்டார் என்பதை எப்படிக் கவனிக்காமல் விடுவது? வறுமையை அவர் கடன் வாங்கினார், தாய்க்கும் மகனுக்கும் நடுவிலிருந்த அந்த இழுபறியைக் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

டிஸ்கஷனில் நான் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். புது இயக்குநர் ஒருவர். ஸ்கிரிப்ட்டில் ஹீரோவின் படிப்புக்காக அப்பா நிலத்தை விற்கிறார், பத்திரப்பதிவு அலுவலகம், அழுகை, பின்னணியில் பாட்டு. அறையில் யாருக்கும் ஒட்டவில்லை. உங்கள் வீட்டில் நிஜமாக என்ன விற்றார்கள் என்று கேட்டோம். சைக்கிள், அது ரொம்பச் சின்ன விஷயம் சார், சினிமாவுக்கு வராது என்றார். இன்னும் கிண்டினோம். அப்பா சைக்கிளை விற்ற பிறகும், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பேண்ட்டின் அடியில் கிளிப் மாட்டிக்கொண்டுதான் நடப்பாராம், செயினில் துணி மாட்டாமல் இருக்கப் போடுவார்களே, அந்தக் கிளிப். பழக்க தோஷம். பஸ் ஸ்டாப்பில் யாரோ சிரித்த பிறகுதான் குனிந்து கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாராம். அறை அப்படியே அமைதியாகிவிட்டது. நிலம் விற்கும் காட்சி அன்றைக்கே போனது. அவர் வாழ்க்கையில் இருந்த கஷ்டம் வேறு பல வீடுகளில் இருந்ததை விடப் பெரியது இல்லை, அவர் மட்டும் பார்த்த ஒன்று அதில் இருந்தது.

அதனால் உங்கள் ஸ்கிரிப்ட்டில் கஷ்டத்தின் அளவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கதைக்குத் தேவையே இல்லாமல், ஆனால் உங்களால் விட முடியாமல் எழுதிய சின்னச் சின்ன விஷயங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். நான் மற்றவர்கள் ஸ்கிரிப்ட் படிக்கும்போது, எழுதியவரின் சொந்த வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இப்படித்தான். பெரிய திருப்பங்கள் பார்த்த படங்களிலிருந்து வந்திருக்கும், கிளிப் மாதிரி விஷயங்கள் வீட்டிலிருந்து வந்திருக்கும். இந்த முறை எப்போதும் சரியாக வராது, நல்ல எழுத்தாளர்கள் பார்க்காததையும் அவ்வளவு நுணுக்கமாகக் கற்பனை செய்வார்கள். ஆனால் உங்கள் சொந்த ஸ்கிரிப்ட் என்றால் எது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும், அங்கே ஏமாற வழியில்லை.

முதல் டிராஃப்ட் முடிந்ததும் இன்னொன்றும் செய்து பாருங்கள். உங்கள் ஹீரோ மாட்டியிருக்கும் இடத்தில் நிஜ வாழ்க்கையில் நீங்கள் மாட்டியபோது உங்களைத் தூக்கிவிட்டது யார்? அண்ணனா, வாத்தியாரா, பக்கத்து வீட்டுக்காரரா, புத்தகமா? அந்த ஆள் ஸ்கிரிப்ட்டில் இருந்தால் எடுத்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் மறுபடி எழுதுங்கள். ஹீரோ தானாக என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு, அப்புறம் தேவைப்பட்டால் அவரைத் திரும்பக் கொண்டுவரலாம். வீட்டில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்து வருத்தப்படுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன், எல்லோருக்கும் இருக்கிறது. அதை டிராஃப்ட் எழுதும்போது மேசைக்குக் கொண்டுவராதீர்கள். ஷூட்டிங் போவதற்கு முன்னால் அவர்களிடம் போய் உட்கார்ந்து கதையைச் சொல்லிவிடுங்கள். ரோலான் அந்தக் கதை தன்னுடையது என்று ஊரே பேசிய பிறகுதான் மகனுக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது.